கதவுக்கு ஒரு வெள்ளைக் கிண்ணம்

அன்று சாயங்காலமும் சின்னத்தாயி அடுத்த வீட்டுக்குள் போய்விட்டாள்.

சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வரவில்லை. கொழுந்துப் பையை மூலையில் போட்டாள். தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். காலை நீட்டி உட்கார்ந்து, "ஏட்டி இந்து, அம்மாவுக்கு ஒரு சாயா போடு" என்று அடுப்படியைப் பார்த்துக் குரலும் கொடுத்தாள்.

அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தது இந்து இல்லை. கையில் கரண்டியோடு சந்தனம் அத்தை.

"போட்டுருவோம் மதினி. சீனி எத்தனை ஸ்பூன்?"

இந்துவின் அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, பையைத் தூக்கியபடி தன் வீட்டுக்கு ஓடி வந்தாள். அந்த வாரத்தில் இது மூன்றாவது முறை. சந்தனம் அத்தை சிரித்த சிரிப்பு தங்கள் வீடு வரைக்கும் கேட்டது என்று இந்து சொன்னாள். அம்மாவும் சிரித்தாள். ஆனால் ஈரத்துண்டைக் கொடியில் போடும்போது அவள் முகம் வாடியிருந்ததை இந்து பார்த்துவிட்டாள்.

"போகப் போகப் பழகிரும்" என்றார் அப்பா.

மூன்று மாதமாக அவர் இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

சின்னக்கானல் பக்கத்தில், மலைச்சரிவில் இருக்கும் தேயிலை எஸ்டேட் அது. அம்மா சின்னத்தாயி கொழுந்து பறிக்கிறாள். அப்பா சுடலைமணி டீ பாக்டரியில் வேலை பார்க்கிறார். இந்து ஆறாம் வகுப்பு. அக்கா ஆர்த்தி கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிறாள். சித்திரை வரைக்கும் அவர்கள் பழைய லயத்தில் இருந்தார்கள். ஒரே கூரைக்கு அடியில் வரிசையாக எட்டு வீடுகள். ஓடு ஒழுகும், சுவர் வியர்க்கும். கம்பெனி அதை இடித்துவிட்டுக் கொஞ்சம் தள்ளிப் பதினாறு புது வீடுகள் கட்டிக் கொடுத்தது.

புது வீட்டில் ஒழுகல் இல்லை. குழாயைத் திறந்தால் தண்ணீர் வருகிறது. குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்றுதான். பதினாறு வீட்டுக்கும் ஒரே மாதிரி சாம்பல் நிறக் கதவு. நாலு மணிக்கு மூடுபனி இறங்கிவிட்டால் கதவில் இருக்கும் நம்பரும் தெரியாது. பிச்சைமணி தாத்தா ஒரு நாள் யாருடைய கட்டிலிலோ அரைமணி நேரம் தூங்கி எழுந்து, "என் போர்வையை யார் மாத்துனது?" என்று சண்டைக்குப் போயிருக்கிறார்.

பழைய வீட்டுக் கதவு அப்படி இல்லை.

அந்தக் கதவுக்கு ஒரு கதை உண்டு. அம்மா கல்யாணமாகி இந்த மலைக்கு வந்த வருடம் மழை விடவே இல்லையாம். சங்கரன்கோயில் பக்கத்துக் கரிசல் காட்டில் வெயிலோடு வளர்ந்தவள் அவள். "எங்க பாத்தாலும் பச்சை. பச்சையைப் பாத்துப் பாத்தே கண்ணு பூத்துப்போச்சு" என்று ஒரு நாள் அழுதுவிட்டாளாம். அப்பா மறுநாள் பாக்டரிக் கூரைக்கு அடித்து மிஞ்சிய சிவப்பையும், ஆஸ்பத்திரிச் சுவருக்கு அடித்து மிஞ்சிய வெள்ளையையும், ஜீப்புக்கு அடித்து மிஞ்சிய மஞ்சளையும் ஒரு டப்பாவில் ஊற்றிக் குச்சியால் கலக்கிக் கதவில் அடித்துவிட்டார். எதில் எவ்வளவு என்று அவருக்கே தெரியாது.

மேலே ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து பறிக்கும்போது, அவ்வளவு பச்சைக்கும் நடுவில் ஒரு பொட்டு மாதிரி அந்தக் கதவு தெரியும். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இறங்கி வருவாள். மழைக்காலத்தில் கதவு ஊறிப் பிடித்துக்கொள்ளும். கைப்பிடியை லேசாக மேலே தூக்கி, இடுப்பால் ஒரு இடி இடிக்க வேண்டும். டமார் என்று சத்தம் கேட்டால், சின்னத்தாயி வந்தாச்சு என்று லயத்துக்கே தெரியும்.

ஆளாளுக்கு வீடு மாறிப் போவதைப் பார்த்துக் கம்பெனிக்கும் அலுத்துவிட்டது போல. அந்த ஆடி மாதம் ஒரு அறிவிப்பு வந்தது. சனிக்கிழமை பெயிண்டர் கதவுகளுக்குப் பெயிண்ட் அடிப்பார். அவரவர் கதவுக்குப் பிடித்த நிறத்தைச் சொல்லலாம். நிற அட்டையைப் பார்த்து, வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் நம்பர் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு மாற்ற முடியாது.

"நம்ம பழைய நிறமே அடிச்சிருவோம்" என்றார் அப்பா.

அம்மாவின் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "நிசமாவா? அதே நிறமா?"

"அதே நிறம்."

சொல்லிவிட்டாரே தவிர, அது என்ன நிறம் என்று சொல்ல அவரால் முடியவில்லை. பவழம் என்றார். "பவழமா? மாதுளம்பழத்தை உரிச்சா உள்ள இருக்குமே, அது" என்றாள் அம்மா. போனில் ஆர்த்தி அக்கா, "ரோஸ்மா, பழைய ரோஸ்" என்றாள். செங்கல்லில் பால் ஊற்றின மாதிரி என்று இந்து நினைத்தாள். ஆனால் சொல்லவில்லை.

ஒரு துண்டுப் பெயிண்ட் கிடைத்தால் போதுமே என்று இந்து பழைய லயம் இருந்த இடத்துக்கு ஓடிப்போய்த் தேடினாள். அங்கே தேயிலைக் கன்று நடக் குழி வெட்டியிருந்தார்கள். இடித்த ஆட்கள் கதவுகளையெல்லாம் மழையில் வெந்நீர் போட எரித்துவிட்டார்களாம். துருப்பிடித்த ஒரு கீல் மட்டும் கிடைத்தது. அதில் துருதான் இருந்தது.

கடைசியில் அப்பா தன் போனில் ஒரே ஒரு பழைய படத்தைக் கண்டுபிடித்தார். கதவுக்கு முன்னால் அம்மா நிற்கும் படம். புதன்கிழமை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் நிற அட்டையை வைத்துப் பார்த்து, பெயிண்டரிடம் ஒரு நம்பரைக் கொடுத்துவிட்டார். வியாழக்கிழமை பெயிண்டர் ஆறுமுகசாமி ஒரு பலகைத் துண்டில் அந்த நிறத்தை அடித்துக் கொண்டுவந்து காட்டினார்.

அது கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது.

அம்மா பலகையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்பா அவள் முகத்தைப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அம்மா உள்ளே போய்விட்டாள்.

இந்துவுக்கு அந்த வார்த்தை தெரியும். பாவாடை தைக்கிற ரமேஷ்குமார் மாமா அளவு தப்பாகத் தைத்தபோதும், அப்பா வைத்த குழம்பில் உப்பு கூடினபோதும் அம்மா இதையேதான் சொன்னாள். நன்றாக இருந்தால் அம்மா எதுவும் சொல்ல மாட்டாள். இன்னொரு தடவை பார்ப்பாள், அவ்வளவுதான்.

அப்பாவுக்கும் தெரிந்துவிட்டது. பலகையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"படத்துல இப்படித்தான இருக்கு இந்து? இருபது வருசம் பாத்த கதவு. மூணு மாசத்துல எனக்கு மறந்துபோச்சே" என்றார். அவர் குரலைக் கேட்க இந்துவுக்குக் கஷ்டமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இந்து, அப்பா வீட்டில் வைத்துவிட்டுப் போயிருந்த போனில் அக்காவைக் கூப்பிட்டாள்.

"அக்கா, அப்பா போன்ல இடம் இல்லைன்னு பழைய படமெல்லாம் நீ எடுத்துவச்சியே, அதுல நம்ம கதவு இருக்கிற படமெல்லாம் உடனே அனுப்பு."

"எதுக்குட்டி?"

"கதவுக்குக் கத்தரிக்காய் பெயிண்ட் அடிக்கப் போறாங்க."

"ஐயையோ!" என்றாள் அக்கா. அஞ்சு நிமிடத்தில் பதினோரு படங்கள் வந்து விழுந்தன.

இந்து வாசலில், நீலத் தார்ப்பாய்க்கு அடியில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இந்தத் தார்ப்பாய் பழைய வீட்டிலும் இருந்ததுதான். மழைக்கு வாசலில் கட்டுவது. வீடு மாறும்போது அப்பா அதையும் சுருட்டிக்கொண்டு வந்து இங்கே கட்டிவிட்டார்.

முதல் படத்தில் அக்கா சாமந்திப் பூ வைத்துக்கொண்டு ஸ்கூல் ஆண்டு விழாவுக்குக் கிளம்புகிறாள். அடுத்ததில் அப்பா கூரைக்கு ஓடு மாற்றுகிறார், ஏணியைப் பிச்சைமணி தாத்தா பிடித்திருக்கிறார். ஒன்றில் வாசல் முழுக்கக் கோலம். ஒன்றில் யாரோ கொண்டுவந்த பலாப்பழத்தைச் சுற்றி லயமே உட்கார்ந்திருக்கிறது. இந்துவுக்கு அந்தப் பலாச்சுளையின் வாசனை கூட வந்த மாதிரி இருந்தது. ஓடு ஒழுகும் சத்தம், கீழே வைத்த பாத்திரத்தில் சொட்டும் சத்தம், கதவின் டமார். எல்லாம் எங்கே போயின? இரண்டு படத்தைத் திரும்பப் பார்த்தாள்.

அப்புறம்தான் ஒன்று உறைத்தது. பதினோரு படத்திலும் கதவு இருக்கிறது. ஆனால் நிறம் ஒன்றாக இல்லை. ராத்திரி பல்பு வெளிச்சத்தில் எடுத்ததில் ஆரஞ்சு மிட்டாய். பிளாஷ் போட்டு எடுத்ததில் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. தார்ப்பாய்க்கு அடியில் எடுத்தவற்றில் கத்தரிக்காய்.

"ஒரு கதவுக்கு எத்தனை நிறம்! எதைத்தான் நம்புறது?" என்று போனைப் பார்த்துக் கேட்டாள்.

பதினோராவது படத்தில் நாலு வயது இந்து இருந்தாள். கதவுக்குக் கீழே படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கிண்ணத்தைப் பிடித்துச் சாயா குடிக்கிறாள். மூக்கு நுனியெல்லாம் சாயா.

அந்தக் கிண்ணம் இப்போதும் வீட்டில் இருக்கிறது. பாக்டரியில் டீயை ருசி பார்ப்பதற்கென்று காது இல்லாத வெள்ளைப் பீங்கான் கிண்ணங்கள் வைத்திருப்பார்கள். விளிம்பு உடைந்துபோன ஒன்றை அப்பாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். இந்து இன்றுவரை அதில்தான் குடிப்பாள். அம்மாவின் எவர்சில்வர் டம்ளரில் சாயா கறுப்பாகத் தெரியும். அதே சாயாவை இந்தக் கிண்ணத்தில் ஊற்றினால்தான் அதன் செம்மை தெரியும். பாக்டரியிலும் அதற்காகத்தான் எல்லாக் கிண்ணமும் வெள்ளையாக இருக்கும்.

ஆனால் படத்தில் கிண்ணம் வெள்ளையாக இல்லை. இளநீலமாக இருந்தது.

"நம்ம கிண்ணம் நீலம் இல்லையே!"

இந்து உள்ளே ஓடிக் கிண்ணத்தை எடுத்து வந்தாள். தார்ப்பாய்க்கு அடியில் வைத்துப் பார்த்தாள். கண்ணுக்கு வெள்ளையாகத்தான் தெரிந்தது. அப்பாவின் போனால் படம் எடுத்துப் பார்த்தாள். நீலம்! கிண்ணத்தை வெட்டவெளிக்குக் கொண்டுபோய் எடுத்தாள். இப்போது வெள்ளை.

தலையை அண்ணாந்து தார்ப்பாயைப் பார்த்தாள். அடடா, நீதானா?

தார்ப்பாய் வழியாக வந்த வெளிச்சம் எல்லாவற்றிலும் நீலத்தைப் பூசியிருக்கிறது. அதற்கு அடியிலேயே வாழ்ந்த கண்ணுக்கு அது பழகிவிட்டது. போன் கேமரா பாவம், அதற்குப் பழகத் தெரியவில்லை. உள்ளதை உள்ளபடி எடுத்து வைத்திருக்கிறது.

அப்படியென்றால் கிண்ணத்தின் மேல் எவ்வளவு நீலம் ஏறியிருக்கிறதோ, கதவின் மேலும் அவ்வளவுதான் ஏறியிருக்க வேண்டும். கிண்ணத்தை வெள்ளையாக்கிவிட்டால் கதவு தன் நிறத்துக்கு வந்துவிடாதா?

மணி ஐந்து. அம்மா இன்னும் காட்டிலிருந்து இறங்கவில்லை.

போனில் படத்தைத் திருத்தும் இடத்தில் ஒரு கோடு இருக்கும். இந்தப் பக்கம் தள்ளினால் படம் நீலமாகும், அந்தப் பக்கம் தள்ளினால் மஞ்சளாகும். தோழிகளின் முகத்தை மஞ்சளாக்கிச் சிரிக்கத்தான் இந்து இதுவரை அதைப் பயன்படுத்தியிருக்கிறாள். வெட்டவெளியில் ஒரு கல்லின் மேல் கிண்ணத்தை வைத்து, பக்கத்தில் போனைப் பிடித்துக்கொண்டு கோட்டை மெல்லத் தள்ளினாள். ஒன்றும் சரியாக வரவில்லை. எப்படித் தள்ளினாலும் படக் கிண்ணம் பழுத்த காகிதம் மாதிரியே இருந்தது.

பார்த்தால், கண் கூசுகிறது என்று அப்பா, ஐந்து மணி ஆனதும் போன் திரையே மஞ்சளாகிற மாதிரி வைத்திருக்கிறார்! "இந்த அப்பாவை என்ன செய்ய?" என்று அதை அணைத்தாள்.

மறுபடி தள்ளினாள். கிண்ணத்தின் நீலம் கரைந்தது. கொஞ்சம் கூடிப்போய் மஞ்சள் தட்டியது. ஒரு மயிரிழை பின்னால் இழுத்தாள். படத்தில் இருந்த கிண்ணமும் கல்லில் இருந்த கிண்ணமும் ஒரே வெள்ளையில் நின்றன.

இந்து அப்போதுதான் கதவைப் பார்த்தாள்.

பவழமும் இல்லை, மாதுளையும் இல்லை, ரோஸும் இல்லை. ஆனால் மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் இருந்தன. அது அவர்கள் வீட்டுக் கதவு. அவ்வளவுதான். மூன்று மாதத்துக்குப் பிறகு பார்க்கிறாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிறம் மங்கலாகத் தெரியக் கூடாதே என்று அவசரமாகத் துடைத்துக்கொண்டாள்.

மணி ஐந்தரை. பெயிண்டர் நாலு வீடு தள்ளி, நாளைக்காகக் கதவைத் தேய்த்து முடித்து ஏணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி! நம்பரை மாத்தணும்!"

"உங்க அப்பா புதன்கிழமையே நம்பர் குடுத்துட்டாரே பாப்பா. ஆறு மணிக்குப் பூப்பாறைக் கடைக்குப் போன் போட்டுருவேன். ராத்திரியே மிஷின்ல கலக்கிருவாக."

"ஆறு மணி ஆகலையே அண்ணாச்சி. அட்டையை மட்டும் குடுங்க."

ஆறுமுகசாமி சிரித்துக்கொண்டே விசிறி மாதிரி விரியும் நிற அட்டையைக் கொடுத்தார். வெட்டவெளியில் வைத்துப் படத்தோடு ஒப்பிட்டாள். நூற்றுக்கணக்கான சதுரங்களில் இரண்டு மட்டும் மிஞ்சின. இருநூற்றுப் பதினேழு, இருநூற்றுப் பதினெட்டு. அண்ணன் தம்பி மாதிரி இரண்டும் ஒரே சாயல்.

"ரெண்டும் ஒண்ணுதான். ஏதாவது ஒண்ணைச் சொல்லு" என்றார் பெயிண்டர்.

"ஒண்ணு இல்லை அண்ணாச்சி. அம்மாவுக்குத் தெரிஞ்சிரும்."

இந்து யோசித்தாள். அதே தார்ப்பாய் இருக்கிறது. அதே போன் இருக்கிறது. அதே கிண்ணமும் இருக்கிறது. இரண்டு சதுரங்களையும் தார்ப்பாய்க்கு அடியில் கொண்டுபோய்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுத்தாள். திருத்தாத பழைய படத்தையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பதினெட்டு வேறு மாதிரி கறுத்தது. பதினேழு மட்டும் பழைய கதவு மாறின அதே கத்தரிக்காய் நிறத்துக்கு அச்சு அசலாக மாறியிருந்தது.

"இதுதான்! இதுதான் அதே மாதிரி தப்பா வருது!" என்று குதித்தாள்.

"தப்பா வாரதுதான் சரியா?" பெயிண்டர் தலையைச் சொறிந்தார். இருந்தாலும் காதில் இருந்த பென்சிலை எடுத்து, பழைய நம்பரை அடித்துவிட்டுப் புது நம்பரை எழுதிக்கொண்டார். மணி ஐந்து ஐம்பது.

ராத்திரி சாப்பிடும்போது இந்து அப்பாவுக்கு மட்டும் கண்ணைக் காட்டினாள். அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுதான் அன்றைக்கு அவள் செய்ததிலேயே கஷ்டமான காரியம்.

சனிக்கிழமை அம்மா வழக்கம்போலக் கொழுந்துக்குப் போனாள். அப்பாவும் பாக்டரிக்குப் போய்விட்டார். பெயிண்டர் மத்தியானம் ஒரு கை அடித்தார், மூன்றரை மணிக்கு இன்னொரு கை அடித்தார். நாலு மணிக்குப் பனி இறங்கியது. அப்பா வழக்கத்தைவிட அரைமணி முன்னதாகவே வந்து, கதவைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் இந்துவின் தலையில் கையை வைத்தார்.

மேலே பாதையில் பேச்சுக்குரல் கேட்டது. பெண்கள் இறங்கி வருகிறார்கள். எல்லாருக்கும் முன்னால், இடுப்பில் பிளாஸ்டிக் சீட்டைச் சுற்றிக்கொண்டு, தலையைக் குனிந்தபடி அம்மா.

வளைவு திரும்பியதும் அம்மா தலையை நிமிர்த்தினாள். நின்றாள். பின்னால் வந்த சந்தனம் அத்தை அவள் மேல் மோதிக்கொண்டாள்.

"என்ன மதினி, இன்னைக்கு நேரா என் வீட்டுக்கா?"

அம்மா பதில் சொல்லவில்லை. கதவைப் பார்த்தாள். இன்னொரு தடவை பார்த்தாள். அப்புறம் அவள் நடை மாறியது. வீட்டு நம்பரைத் தேடவில்லை, கீழே பார்க்கவில்லை. விறுவிறு என்று நேராக வந்து, கைப்பிடியைப் பிடித்து, லேசாக மேலே தூக்கி, இடுப்பால் ஓங்கி ஒரு இடி இடித்தாள்.

"அம்மா! பெயிண்ட் காயலை!"

இந்து கத்துவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. புதுக் கதவு ஊறியா இருக்கிறது? இடித்த வேகத்தில் அது படாரென்று திறந்துகொள்ள, அம்மா பாதி அறை வரைக்கும் போய்த்தான் நின்றாள். இடுப்புச் சீட்டில் உள்ளங்கை அளவுக்கு அதே நிறம். கதவின் நடுவில் இடுப்பு பட்ட அச்சு.

"அக்கா!" என்று ஆறுமுகசாமி தலையில் கையை வைத்துக்கொண்டார். "சரி, விடுங்க. அந்த இடத்துல மட்டும் இன்னொரு கை அடிச்சிருதேன்."

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள் அம்மா. சிரிப்பும் அழுகையுமாக இருந்தாள். "அது அப்படியே இருக்கட்டும்."

பிறகு கொழுந்துப் பையை மூலையில் போட்டாள். தலைத்துண்டை அவிழ்த்து உதறினாள். கதவு தெரிகிற மாதிரி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"ஏட்டி இந்து, அம்மாவுக்கு ஒரு சாயா போடு."

அடுப்படியிலிருந்து வெள்ளைக் கிண்ணத்தோடு எட்டிப் பார்த்தது இந்துதான்.

"போட்டுருவோம்மா. சீனி எத்தனை ஸ்பூன்?"